மைனர் மேஜர் ஆகும்போது: வன்னிப் பிள்ளைகளுக்கான பத்திர வேலை, படிப்படியாக

இலங்கையின் வடக்கே வன்னியில் இருக்கும் உங்கள் வீட்டில் தரம் 9இலோ 10இலோ படிக்கும் பிள்ளை இருந்தால் இதை இப்போதே வாசியுங்கள். பதினெட்டு வயதாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டுவைக்கிற வேலை அல்ல இது. அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, வாக்காளர் பதிவு எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று நிற்கின்றன. அடியில் இருப்பது பிறப்புச் சான்றிதழ். அதில் ஓர் எழுத்துப் பிழைத்திருந்தால் மேலே உள்ள அத்தனையும் இழுபடும்.

என் அக்காவின் மகளுக்காகக் கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியா என்று அலைந்து இதையெல்லாம் அறிந்துகொண்டேன். அவள் 2009இல், இறுதி யுத்தத்தில் சனம் இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் பிறந்தவள். பிறந்தது ஓரிடம், பதிந்தது இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில், இன்று வசிப்பது வேறோரிடம். பதிவில் தாயின் பெயர் பிழையாக எழுதப்பட்டிருந்தது. 2008, 2009இல் வன்னியில் பிறந்த பல பிள்ளைகளின் பத்திரங்கள் இப்படித்தான் இருக்கின்றன. அந்த வயதுப் பிள்ளைகள் இப்போது பதினெட்டைத் தொடுகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் தம்பி தங்கச்சிமார் பதினைந்தைத் தொடுகிறார்கள். நான் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. மூன்று சொற்களையும் முதலில் பிரித்து விளங்கிக்கொள்ளுங்கள்

படிவத்திலும் வங்கி மேசையிலும் மைனர், மேஜர், மெச்சூரிட்டி என்ற மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பதினெட்டு வயது நிறையாதவர் மைனர். நிறைந்தவர் மேஜர். முன்பு இலங்கையில் இந்த எல்லை 21ஆக இருந்தது, 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் அதை 18 ஆக்கியது. ஆகவே ஊரில் யாராவது பெரியவர் “இருபத்தொன்று ஆகவேணும்” என்று சொன்னால் அது பழைய கணக்கு.

மெச்சூரிட்டி என்பது வங்கியில் ஆளுக்கான சொல்லே அல்ல, காசுக்கான சொல். ஒரு நிலையான வைப்போ சிறுவர் கணக்கோ தன் காலத்தை முடித்து, எடுக்கக்கூடிய நிலைக்கு வரும் திகதியை அது குறிக்கிறது. தமிழில் முதிர்வு என்று போட்டிருப்பார்கள். தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் பெண் பிள்ளை பெரியபிள்ளையானதை “மெச்சூர் ஆகிட்டா” என்று சொல்வார்கள். வங்கியில் “பிள்ளையின் கணக்கு இன்னும் மெச்சூர் ஆகவில்லை” என்று சொன்னால் திகைக்க வேண்டாம், திகதி வரவில்லை என்பதுதான் அதன் பொருள். அது எந்தத் திகதி என்று உடனே கேட்டு, கணக்குப் புத்தகத்தின் உள்அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதில் பலர் மாறிப் போகிற ஓர் இடம் உண்டு. அடையாள அட்டை பதினைந்து வயதிலேயே கிடைக்கும். அட்டை கையில் வந்துவிட்டால் பிள்ளை மேஜர் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளை அட்டை வைத்திருந்தாலும் மைனர்தான். கடன் ஒப்பந்தம், லீசிங், காணி உறுதி எதிலும் அந்தப் பிள்ளையின் கையொப்பம் எடுபடாது. பொதுச் சட்டத்தின் கீழான கலியாணப் பதிவுக்கும் பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும். “ஐசி இருக்குத்தானே, தம்பி சைன் வைக்கட்டும்” என்று மோட்டார் சைக்கிள் விற்கிற யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

2. பிறப்புச் சான்றிதழை எடுத்து, கட்டம் கட்டமாக வாசியுங்கள்

இதைப் பிள்ளைக்குப் பதினான்கு வயதாகும்போதே செய்யுங்கள். சான்றிதழை விளக்கின் கீழே வைத்து, பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி, சத்தமாக வாசியுங்கள். பார்க்க வேண்டியவை இவை.

பிறந்த திகதி: பாடசாலைப் பதிவேட்டில் உள்ள திகதியும் இதுவும் ஒன்றா? பாடசாலையில் சேர்க்கும்போது வயது போதாது என்று சில மாதம் கூட்டிச் சொல்லியிருந்தால் அது இப்போதுதான் வெளியே வரும்.

பிள்ளையின் பெயர்: இதுதான் அதிகம் தொல்லை தரும் கட்டம். நம் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னே, பிள்ளையின் பெயர் பின்னே. ஆனால் பதிந்தவர் பெயர்க் கட்டத்தில் பிள்ளையின் பெயரை மட்டும் எழுதியிருப்பார். பாடசாலையிலோ தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு கூப்பிடுவார்கள், பரீட்சை விண்ணப்பத்திலும் அப்படியே போகும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர்தான் எடுக்கப்படும். முடிவில் அட்டையில் ஒரு பெயர், பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு பெயர்.

தாய் தகப்பன் பெயர்: அவர்களுடைய சொந்தப் பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் உள்ளபடி இருக்கிறதா? அக்காவின் பெயர் கலாராணி. மகளின் சான்றிதழில் கலாவாணி. முகாமில் வரிசையில் நின்று, ஆள் சொல்ல ஆள் எழுதிய காலம். யாரையும் குறைசொல்லிப் பயனில்லை, திருத்தத்தான் வேண்டும்.

பெற்றோர் மணம் முடித்தவர்களா என்ற கட்டம்: பதிவுத் திருமணம் பிந்தி நடந்த குடும்பங்களில் இங்கே “இல்லை” என்று இருக்கும். அதனால் அடையாள அட்டை மறுக்கப்படாது. இதற்காகப் பதற வேண்டாம்.

சான்றிதழ் கிழிந்தோ, நனைந்து எழுத்து மங்கியோ, பொலித்தீனோடு ஒட்டிப்போயோ இருந்தால் புதுப் பிரதி எடுங்கள். பதிவு கணினியில் ஏற்றப்பட்டிருந்தால் எந்தப் பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம், பதிந்த இடத்துக்கே போகத் தேவையில்லை. ஏற்றப்படாவிட்டால் பதிவு இருக்கும் பிரதேச செயலகத்தில்தான் கேட்க வேண்டும். பழைய சான்றிதழின் இலக்கமும் பதிவுத் திகதியும் தெரிந்தால் வேலை சுருங்கும், கட்டணமும் குறைவு. இலக்கம் தெரியாவிட்டால் தேடுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் கட்டணம் கூட. அதனால் கையில் இருக்கும் துண்டு எவ்வளவு கிழிசலாக இருந்தாலும் எறியாதீர்கள், இலக்கம் அதில்தான் இருக்கும். இரண்டு பிரதியாக எடுத்துவிடுங்கள். ஒன்று விண்ணப்பத்தோடு போகும், மற்றது வீட்டில் இருக்கும்.

பதிந்த இடம் எது என்பதில் குழப்பம் வரும். மாத்தளனில் பிறந்த பிள்ளையின் பதிவு கரைதுறைப்பற்றில் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு முல்லைத்தீவுக்குப் போவீர்கள். முகாமுக்கு வந்த பின் பதிந்திருந்தால் அது வெங்கலச்செட்டிகுளம் பிரதேச செயலகத்தில் இருக்கலாம். வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் “எங்கே பிறந்தது” என்று மட்டும் கேட்காமல் “எங்கே வைத்துப் பதிந்தோம்” என்றும் கேளுங்கள்.

3. பதிவே இல்லாத பிள்ளைக்கு

பிறந்து 3 மாதத்துக்குள் பதியப்படாத பிறப்பு, காலங்கடந்த பதிவாகத்தான் செய்யப்படும். நீங்கள் போக வேண்டியது பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம். முதலில் தேடுதல் செய்வித்து, பதிவு இல்லை என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். இந்தக் கடிதம் இல்லாமல் மற்ற எதுவும் நகராது. பிறகு பிள்ளையின் பிறப்பைக் காட்டும் ஆதாரங்களைச் சேருங்கள்: வைத்தியசாலைக் குறிப்பு, தாயின் கிளினிக் அட்டை, பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகம், பாடசாலைச் சேர்வுப் பதிவேட்டின் பிரதி, தேவாலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு, சாதகம் எழுதியிருந்தால் அது, பெற்றோரின் விவாகச் சான்றிதழ். பிறப்பை நேரில் அறிந்தவர்களின் சத்தியக் கடதாசியும் கேட்பார்கள்.

எல்லாம் ஒருவரிடமும் இராது. இருக்கிற அத்தனையையும் கொண்டுபோங்கள். முகாமில் தந்த தடுப்பூசி அட்டை ஒன்று, எழுத்துத் தெரிகிற நிலையில் இருந்தால், பெரிய உதவி. நம் ஆட்கள் சமையலறைத் தட்டிலும் சாமிப்படத்துக்குப் பின்னாலும் எதையாவது செருகி வைத்திருப்பார்கள், அதையெல்லாம் தேடிப் பாருங்கள். பதிவுக்கு வேறு வழியே இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. பாடசாலை போகும் பிள்ளைக்கு உரிய ஆதாரங்கள் இருக்கும்போது அதற்கு அவசரப்படாதீர்கள், காலங்கடந்த பதிவையே முயலுங்கள். அதற்கு மாதக்கணக்கில் செல்லலாம். பதினான்கில் தொடங்கச் சொல்வது இதனால்தான்.

தகப்பனோ தாயோ காணாமற்போன, இறந்துபோன வீடுகளுக்கு ஒரு வார்த்தை. “தகப்பன் வந்து கையொப்பம் வைக்க வேண்டும்” என்று வாசலில் நிற்கிற யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு தாய் திரும்பிப் போனதை நான் கண்டேன். அது அப்படியில்லை. உயிரோடு இருக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் விண்ணப்பிக்கலாம். மரணச் சான்றிதழோ, காணாமற்போனோருக்கென வழங்கப்படும் சான்றிதழோ எடுத்திருந்தால் கொண்டுபோங்கள். எடுக்க மனமில்லாதவர்கள் இந்த வேலைக்காக அதை எடுக்கத்தான் வேண்டும் என்று எண்ண வேண்டாம். உத்தியோகத்தரிடம் நேரே நிலைமையைச் சொல்லுங்கள்.

இந்தியாவில் பிறந்து, பெற்றோரோடு திரும்பி வந்த பிள்ளைகளின் வழி வேறு. தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழை மட்டும் கொண்டு அடையாள அட்டை எடுக்க முடியாது. பிள்ளை இலங்கைக் குடியுரிமையைப் பதிந்து, அதற்கான சான்றிதழைப் பெற்றிருக்க வேண்டும். சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து வந்தவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் இல்லை. பதியாமல் வந்தவர்கள் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ், முகாம் அட்டை, திரும்பி வந்தபோது தந்த பத்திரங்கள் எல்லாம் அதற்கு வேண்டும். மன்னார், வவுனியாப் பக்கம் குடியேறிய குடும்பங்கள் இதைத்தான் பிந்திப் பிந்தி விடுகின்றன. பிள்ளை பத்து வயதாக இருக்கும்போதே செய்ய வேண்டியது இது.

4. பெயரைத் திருத்தும் வேலை

பிள்ளையின் பெயரை மாற்றவோ சேர்க்கவோ, பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பம் இருக்கிறது. பிரதேச செயலகத்துப் பதிவாளர் பிரிவில் “இருபத்தேழாம் பிரிவுப் படிவம்” என்று கேட்டால் விளங்கும். தாய் தகப்பன் பெயரில் உள்ள பிழை போன்றவற்றுக்குப் பிரகடனப் படிவம் வேறு. எது உங்களுக்கு உரியது என்று முடிவுசெய்வது பதிவாளர். நீங்களே ஊகித்து ஒன்றை நிரப்பிக் கொண்டுபோகாதீர்கள். பிழையான படிவத்தை நிரப்பினால் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

தாய் பெயரைத் திருத்த அக்காவிடம் கேட்டவை: அக்காவின் சொந்தப் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், மற்றப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். மற்றப் பிள்ளைகளின் சான்றிதழில் பெயர் சரியாக இருந்தது நல்ல ஆதாரமாயிற்று. அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நீங்கள் முதல் தடவையிலேயே கொண்டுபோங்கள்.

சின்ன வேறுபாடு என்றால், இரு பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு போகலாம் என்பார்கள். ஓர் இடத்தில் ஏற்பார்கள், இன்னோர் இடத்தில் ஏற்க மாட்டார்கள். வாழ்நாள் முழுக்க அந்தக் கடதாசியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். பிள்ளைக்குப் பதினைந்து வயதுதான் ஆகிறது என்றால் மூலத்திலேயே திருத்துங்கள். இது என் உறுதியான அபிப்பிராயம்.

அப்புறம் ஆங்கில எழுத்து. அட்டையில் பெயர் ஆங்கிலத்திலும் வரும், படிவத்தில் பெரிய எழுத்தில் நீங்கள் எழுதுவதைத்தான் பார்ப்பார்கள். ‘த’வுக்கு டீ மட்டுமா, டீயோடு எச் சேருமா? ‘ச’வுக்கு எஸ்ஸா, சீஎச்சா? ‘ழ’வுக்கு எல் என்ற எழுத்தா, இசட்எச்சா? எதுவாகவும் இருக்கலாம். ஒன்றைத் தீர்மானித்து, பாடசாலையில், பரீட்சை விண்ணப்பத்தில், வங்கியில், நாளைக்குக் கடவுச்சீட்டில் என எல்லா இடத்திலும் அதையே எழுத வேண்டும். ஒரு கொப்பித் தாளில் பிள்ளையைக் கொண்டு பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவித்து, அதைப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படிவத்தை நிரப்பினாலும் அதைப் பார்த்தே எழுதட்டும்.

5. அடையாள அட்டை விண்ணப்பம்

2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 15 வயது நிறைந்தவர் விண்ணப்பிக்கலாம். பாடசாலைப் பிள்ளை என்றால் அதிபர் ஊடாக, படிப்பை விட்டவர் என்றால் கிராம அலுவலர் ஊடாக. நம் ஊரில் இன்னும் விதானையார் என்று சொல்கிறோமே, அவர்தான். இரண்டில் பாடசாலை வழி இலகுவானது, பிள்ளைகளின் விண்ணப்பங்கள் ஒன்றாகப் போகும். ஆனால் பாடசாலை அனுப்புகிற நாளில் உங்கள் பிள்ளையின் பத்திரம் ஒன்று குறைந்தால் மற்றவர்களுடையது போய்விடும், உங்களுடையது மேசையில் கிடக்கும். வகுப்பாசிரியரிடம் திகதியைக் கேட்டு வைத்திருங்கள்.

தேவையானவை: நிரப்பிய விண்ணப்பப் படிவம், பிறப்புச் சான்றிதழ், ஸ்டூடியோப் பற்றுச்சீட்டு, கட்டணம் கட்டிய சான்று. குடியுரிமைச் சான்றிதழ் உள்ளவர்கள் அதையும் சேர்க்க வேண்டும்.

படம் எடுப்பதற்கு, அடையாள அட்டை வழங்கும் ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு பெற்ற ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும். அவர்கள் படத்தைக் கணினி வழியாகத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு, பற்றுச்சீட்டுத் தருவார்கள். அந்தச் சீட்டைத்தான் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். பக்கத்துக் கடையில் மலிவாக எடுத்து அச்சடித்த படத்தை ஒட்டினால் விண்ணப்பம் திரும்பி வரும். உள்ளே போகுமுன் “அடையாள அட்டைக்குப் பதிவு இருக்கா, சீட்டுத் தருவீங்களா” என்று கேட்டு, விலையையும் கேளுங்கள். கடைக்குக் கடை விலை மாறும். சீட்டில் பிள்ளையின் பெயர் சரியாக அடிக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

படிவம் இலவசம். விதானையாரிடமும் பிரதேச செயலகத்திலும் கிடைக்கும். செயலக வாசலில் படிவம் விற்பவர்களும் நிரப்பித் தருகிறோம் என்பவர்களும் இருப்பார்கள். நிரப்பத் தெரியாவிட்டால் பிள்ளையின் ஆசிரியரைக் கேளுங்கள், தரம் 11 பிள்ளை ஒன்றே நிரப்பித் தரும். வெட்டி எழுதாமல், நீல அல்லது கறுப்பு மையில், பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எழுத வேண்டும். முதலில் பிரதி ஒன்றில் எழுதிப் பார்த்துவிட்டு நல்லதில் எழுதுவது பாதுகாப்பு.

விதானையார் ஊடாகப் போகிறவர்கள் அவருடைய அலுவலக நாளைத் தெரிந்துகொண்டு போங்கள். பெரும்பாலும் செவ்வாயும் வியாழனும் இருப்பார், மற்ற நாளில் களத்தில் நிற்பார். வாக்காளர் இடாப்பில் குடும்பத்தின் பெயர் அந்தப் பிரிவில் இல்லாவிட்டால் வதிவிடத்தைப் பற்றிக் கேள்வி வரும். கிளிநொச்சியில் வாடகைக்கு இருந்துகொண்டு பதிவைத் துணுக்காயில் வைத்திருப்பவர்கள் எந்த விதானையாரிடம் போவது என்று முதலில் தெளிவாகுங்கள். பதிவு இருக்கும் இடத்துக்குப் போவதே சிக்கலில்லாதது.

6. செலவும் காலமும்

2022 நவம்பரில் கட்டணங்கள் உயர்த்தப்பட்டன. முதன்முறை அட்டைக்கு 200 ரூபா. விவரம் திருத்தி எடுக்க 500 ரூபா. தொலைத்துவிட்டு எடுக்க 1000 ரூபா. இந்த மூன்று எண்ணையும் பார்த்தாலே விளங்கும், முதல் தடவையே சரியாகச் செய்வது எவ்வளவு மலிவு என்று. ஒருநாள் சேவைக்குக் கட்டணம் தனியாக, மிகக் கூடுதல். உண்மையில் பெரிய செலவு பஸ்ஸுக்கும் இழந்த கூலிக்கும்தான். முத்தையன்கட்டிலிருந்தோ பாண்டியன்குளத்திலிருந்தோ ஒருவர் ஒரு கையொப்பத்துக்காக வந்து திரும்பினால் அன்றைய நாள் போயிற்று. ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பத்திரங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு போட்டோக் கொப்பி எடுத்து, மூலத்தையும் கொண்டு போங்கள். செயலகத்துக்குள் கொப்பி எடுக்க ஓடினால் வரிசை போய்விடும்.

சமாதான நீதவானின் கையொப்பம் விற்பனைக்கு உரியது அல்ல. காசு கேட்டால் வேறொருவரிடம் போங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, சாதாரணதரப் பரீட்சைக்கு முன் அட்டை கையில் இருக்க வேண்டும் என்பதை எல்லையாக வையுங்கள். பிள்ளைக்குப் பதினைந்து நிறைந்த மாதமே விண்ணப்பம் போனால் போதிய அவகாசம் இருக்கும். கார்த்திகை, மார்கழி மாரியில் குளங்கள் திறந்துவிட்டால் கண்டாவளைப் பக்கமும் புதுக்குடியிருப்புப் பக்கமும் பாதைகள் அறுந்துபோகும். பெரும்போக விதைப்பு, அறுவடை நாட்களில் உங்களுக்கும் நேரமிராது. ஆவணி, புரட்டாதி இந்த வேலைகளுக்கு நல்ல மாதங்கள்.

பரீட்சை நெருங்கியும் அட்டை வராவிட்டால், அடையாளத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தை ஆட்பதிவுத் திணைக்களம் பரீட்சார்த்திகளுக்கு வழங்குகிறது. அதைக் கொண்டு பரீட்சை எழுதலாம். அதிபரிடம் சொன்னால் அவர் வழி செய்வார். பிள்ளையின் முன்னால் பதற்றப்படாதீர்கள், அது படிக்கிற நேரம். திணைக்களத்தின் வடமாகாண அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது, விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று தலைமை அலுவலகம் உள்ள பத்தரமுல்லைக்குப் போய்க் கேட்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

7. அட்டை கிடைத்த இடத்திலேயே இலக்கத்தைச் சரிபாருங்கள்

இதைச் செய்கிறவர்கள் குறைவு. 2016 முதல் வழங்கப்படும் இலக்கத்தில் 12 எண்கள் இருக்கும். முதல் நான்கு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் அது எத்தனையாவது நாள் என்பது. பெண் பிள்ளை என்றால் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். கணக்கிடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எந்த ஆண்டாக இருந்தாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே எடுப்பார்கள்.

2009 மார்ச் 1ஆம் திகதி பிறந்த பிள்ளை என்று வையுங்கள். ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 29, மார்ச்சில் 1, மொத்தம் 61. ஆண் பிள்ளையின் இலக்கம் 2009061 என்று தொடங்கும். பெண் பிள்ளையினுடையது 2009561 என்று தொடங்கும். இது பொருந்தாவிட்டால் பிறந்த திகதியோ ஆண் பெண் விவரமோ பிழையாக ஏறியிருக்கிறது. அன்றே அதிபரிடமோ விதானையாரிடமோ சொல்லுங்கள். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். சிங்களத்தில் உள்ளதை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். வங்கியிலும் பரீட்சையிலும் இலக்கத்தைக் கொடுத்த பிறகு திருத்தப் போனால் அத்தனை இடத்திலும் திருத்த வேண்டும்.

8. பதினெட்டு நிறைந்த பிறகு வங்கி

சிறுவர் சேமிப்புக் கணக்குகளில் உள்ள காசு பொதுவாகப் பதினெட்டு வயதில்தான் முதிர்வடையும். பிறந்தநாளுக்கு அடுத்த வாரம் பிள்ளையே நேரில் போக வேண்டும். கொண்டுபோக வேண்டியவை அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கணக்குப் புத்தகம், வதிவிடத்துக்கான ஆதாரம். கணக்குத் திறந்தபோது கொடுத்த பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்று கூடிக் குறைந்தாலும் கேள்வி வரும்.

கணக்கைத் திறந்த தாயோ தகப்பனோ இப்போது இல்லை என்றால் அந்தக் காசு போய்விட்டது என்று பல வீடுகளில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு பிள்ளையின் பெயரில் இருந்தால் மேஜரான பிள்ளை தானே கையொப்பம் வைத்துக் கோரலாம். இடப்பெயர்வில் புத்தகம் தொலைந்திருந்தால் பொலிஸில் முறைப்பாடு பதிந்து, அதன் பிரதியோடு வங்கிக்குப் போங்கள். கணக்கு இலக்கம் தெரியாவிட்டாலும் கிளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், திறந்த காலம் இவற்றைச் சொல்லித் தேடக் கேட்கலாம். சிறிய தொகைதானே என்று விடாதீர்கள். அந்த நாட்களில் ஒரு தாய் முட்டை விற்றுப் போட்ட காசு அது.

பிள்ளையின் பெயரில் நிலையான வைப்பு இருந்தால் முதிர்வுத் திகதிக்கு முன்பே போய், என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது தன்பாட்டில் மறுபடி அதே காலத்துக்கு, அன்றைய வட்டி வீதத்தில் புதுப்பிக்கப்பட்டுவிடும். பல்கலைக்கழகத்துக்கோ தொழிற்பயிற்சிக்கோ காசு தேவைப்படும் நேரத்தில் இடையில் உடைத்தால் வட்டியில் இழப்பு வரும். 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியிலிருந்து 10 சதவீதம் வரியாகக் கழிக்கப்படுகிறது. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதவர்கள் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்து அந்தக் கழிவைத் தவிர்க்கலாம். பிள்ளைகளில் அனேகமானோர் இதற்குள்தான் வருவார்கள். வங்கியில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் படிவத்தைக் கேட்க வேண்டும்.

இன்னுமொன்று. பிள்ளை மேஜரான முதல் மாதங்களில் கடன் தருகிறோம், உத்தரவாதக் கையொப்பம் வையுங்கள் என்று ஆட்கள் வருவார்கள். உறவினராகவும் இருப்பார்கள். நேற்றுவரை செல்லாத கையொப்பம் இன்று செல்லும், கடனாளி கட்டாவிட்டால் உத்தரவாதம் வைத்தவரிடம் வருவார்கள். நுண்கடனால் வன்னிப் பெண்கள் பட்டது நமக்குத் தெரியும். பிள்ளையை இருத்தி இதைச் சொல்லிக்கொடுங்கள்.

9. வாக்காளர் இடாப்பும் வரி இலக்கமும்

பதினெட்டானதும் விதானையாரிடம் போய், பிள்ளையின் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கும்படி கேளுங்கள். செலவில்லை. அடையாள அட்டைப் பிரதி ஒன்று போதும். வீட்டுக்குப் படிவம் வரும் என்று காத்திருந்தால் பெயர் விடுபட்டுப் போகலாம். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ தங்கிப் படிக்கிற, வேலை செய்கிற பிள்ளை என்றாலும் சொந்த ஊர்ப் பதிவை விடாதீர்கள். வதிவிடச் சான்றிதழ், வீட்டுத்திட்டம், காணி அனுமதிப்பத்திரம் என்று நாளைக்கு எதைக் கேட்டாலும் முதலில் பார்ப்பது அந்த இடாப்பைத்தான்.

18 வயது நிறைந்தவர்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து வரி இலக்கம், அதாவது டின், எடுக்க வேண்டும் என்பது 2024இல் வந்த விதி. இலக்கம் எடுப்பதால் வரி கட்ட வேண்டும் என்று ஆகாது, வருமானம் வரம்பைத் தாண்டினால்தான் வரி. இணையத்தில் அடையாள அட்டை இலக்கத்தோடு பதியலாம், கட்டணம் இல்லை. கடையில் யாராவது பதிந்து தந்தால் அவர்கள் தங்கள் தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார்கள். பிறகு திணைக்களத்திலிருந்து வரும் செய்திகள் அந்தக் கடைக்காரருக்குத்தான் போகும். பிள்ளையின் சொந்த இலக்கத்தையும் சொந்த மின்னஞ்சலையும் கொடுக்கச் சொல்லுங்கள். இலக்கம் வந்ததும் அச்செடுத்து, பெயரெழுதிய அந்தக் கொப்பித் தாளோடு ஒரே கோப்பில் வையுங்கள்.